பழைய ஃபிரேமுக்குப் புதுச் சக்கரம்

இரும்பு வளையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் என் மனைவிக்குத்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொச்சியில் எங்கள் அலுவலகம் மட்டாஞ்சேரியிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் இடப்பள்ளிக்கு மாறியது. பஸ்ஸில் நின்று நின்று நொந்துபோயிருந்தபோது, போர்ட் கொச்சி விடுதிக்காரர் ஒருவர் தன் கொல்லையில் கிடந்த பழைய ரேஸ் சைக்கிளை எடுத்துப்போகச் சொன்னார். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. ஸ்டீல் ஃபிரேம் கல் மாதிரி இருந்தது. சக்கரங்களைத்தான் துரு தின்றிருந்தது. புதுச் சக்கரம் போட்டு இதிலேயே வேலைக்குப் போகிறேன் என்று அறிவித்தேன். மனைவிக்கு ஸ்கூட்டர் மேல் கண்.

"மழை முடியிற வரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஒரு நாள் மக்கர் பண்ணுனாலும் ஆக்ரிக்காரன் பழைய இரும்பா எடைக்கு எடுத்துக்கட்டும், நாம ஸ்கூட்டர் வாங்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். தோற்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

எறணாகுளத்தில் சொல்லிவைத்து அலுமினியச் சக்கரங்கள் வரவழைத்தேன். பழைய பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரங்கள், புதியதில் எட்டு. அதனால் அச்சும் நீளம். பின்சக்கரம் உட்காரும் ஃபிரேமின் பின்கவட்டையில் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் போதவில்லை.

பஜாரில் லேத் வைத்திருந்தவர் பார்த்ததுமே கையை விரித்தார். "வேண்டா சேட்டா, பொட்டிப்போகும்." வளைத்தால் உடைந்துவிடுமாம். வேண்டுமானால் கேஸ் வைத்துச் சூடாக்கி விரிக்கலாம் என்றார். சூடு பட்டால் ஸ்டீல் பலமிழந்துவிடும், நெருப்பை இதன் கிட்டேயே கொண்டுவராதீர்கள் என்று சொல்லி, மரை போட்ட நீளக் கம்பி ஒன்றும் நான்கு நட்டுகளும் மட்டும் வாங்கிக்கொண்டேன். அங்கேயே கவட்டையின் இரு கைகளுக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து, உள்பக்கமிருந்து நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். ஸ்டீல் விட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால் வேண்டியதற்கு மேலேயே விரித்துத் தளர்த்த வேண்டும். முன்குழாயிலிருந்து நூல் கட்டி அளந்ததில் கவட்டையின் இடக்கை விரியாமல் சோம்பேறித்தனம் செய்திருந்தது. அதை மட்டும் இன்னொரு முறை தள்ளினேன். சக்கரம் தட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"சாயா பறயட்டே?" என்று கேட்டு, லேத்காரர் டீக்கடைப் பக்கம் கைகாட்டினார்.

ஃபிரேமில் இருந்த பழைய கியர் லிவருக்குப் பல்சக்கரம் ஐந்தா எட்டா என்ற கவலையே இல்லை. கையின் உணர்வுக்குத் தள்ளினால் எதிலும் சங்கிலி ஏறியது. புதுச் சக்கரம் சற்றே சின்னதென்பதால் பிரேக் கட்டைகளைக் கீழிறக்கினேன். அவ்வளவுதான். தோப்பும்படிப் பாலத்தின் எதிர்க்காற்றில் மற்ற சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக, நான் உட்கார்ந்தபடியே ஏறினேன்.

மழை வலுத்த ஒரு காலை, அதே பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். வழுக்கியது. இரண்டு கால்களையும் ரோட்டில் தேய்த்து, ஓர் ஆட்டோவின் முதுகை ஒட்டி எப்படியோ நின்றேன். ரிம்மைத் தடவி விரலை முகர்ந்தால் தேங்காயெண்ணெய் வாசனை.

பெட்டிக்கடையில் சோப்பு வாங்கிக் கழுவிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் கோபத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"ரிம்முல எண்ணெய் தடவுனது யாரு?"

"நான்தான். எங்கப்பா சைக்கிளை மழைன்னா அப்படித்தான் துடைப்போம். உப்புக்காத்து தின்னுடாதா?"

அவள் அப்பாவின் கனத்த சைக்கிளில் பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தைத்தான் பிடிக்கும்; பக்கவாட்டில் எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. என்னுடையதில் பக்கவாட்டைத்தான் பிடிக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. இந்தச் சைக்கிள் மக்கர் பண்ணினால் ஸ்கூட்டர் அவளுக்கு. அதைக் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டிருந்ததே அவள்தான். கோபம் போன இடம் தெரியவில்லை, சந்தோஷத்தில் சிரித்தேவிட்டேன்.

பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு சோப்பும் துணியும் எடுத்துவந்து சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கெங்க எண்ணெய் படக்கூடாதுன்னு காட்டுங்க."