இரண்டு பக்கமும் பூசிய சுவர்

இடிப்புக்காரி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைத்தான் வேலைக்கு அனுப்புவாள். கண் ஏமாந்துவிடும். போன வாரம் அடித்த பெயின்ட் போதும், கண்ணைக் கட்டிவிடும். மூக்கை ஏமாற்ற இதுவரை எந்தக் கம்பெனியும் டப்பா போடவில்லை. அண்ணன்காரர் வீட்டுக் கூடத்தில் கால் வைத்ததுமே, நனைந்த சாக்கை மூலையில் எறிந்து மறந்ததுபோல ஒரு நெடி. சுவரோ முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

"ஓதம் எங்கண்ணே?"

"அதான் தெரியல. தரையில டைல்ஸ் எல்லாம் எகிறுது. தண்ணி விடறது என் தம்பிதான். நீ கண்டுபிடிச்சு மட்டும் சொல்லு, அவன் மண்டைய நான் பாத்துக்கறேன்." அவர் புருவத்துக்கு மேல் புதிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தம்பி எறிந்த கரண்டி. சாப்பாட்டுக் கரண்டி இல்லை, கொத்துக் கரண்டி.

ஒரே வீடாக இருந்ததுதான். பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, ஆளுக்கொரு குழாய் இணைப்பு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் பக்கம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்தது. அவர் ஈரம் தாங்கும் மருந்து அடித்து, மேலே சிமென்ட் பூசி, அதற்கும் மேல் எண்ணெய் பெயின்ட் அடித்தார். தன் பக்கம் காய்ந்ததும் நிம்மதியாக இருந்தார். ஆனால் சுவரில் ஏறிய தண்ணீர் வழி அடைத்தால் திரும்பிப் போகாது, வேறு வழி பார்க்கும். தம்பி பக்கம் பூத்தது. அண்ணன் வேண்டுமென்றே செய்கிறான் என்று தம்பி வந்து அவருடைய இரண்டு பல்லை எடுத்துவிட்டுப் போய், இன்னும் கெட்டியாகத் தன் பக்கம் பூசினான். ஈரம் அண்ணன் பக்கம் இடுப்பளவுக்கு ஏறியது. அவர் போய்த் தம்பியின் காதைக் கிழித்துவிட்டு வந்து, மறுபடி பூசினார். இப்படிப் பூச்சுக்கு ஒரு அடிதடி. மருந்துக் கடைக்காரருக்கும் பெயின்ட் கடைக்காரருக்கும் அந்தக் குடும்பத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

இப்போது இரண்டு பக்கமும் வாயைப் பொத்திய சுவர், உள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது.

அவள் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினாள். நல்ல சுவர் திருப்பிப் பேசும். இது பொத்தென்றது. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். மேலே நூலை ஒட்டியிருந்த சுவர், நடுவில் நான்கு விரல் விலகி, தம்பி வீட்டுப் பக்கமாகத் தொந்தி தள்ளியிருந்தது.

"அந்தப் பக்கம் யாரு படுக்கறாங்க?"

அண்ணன்காரர் ஜன்னலைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "மாமனார். ஒரு கை, ஒரு கால் வராது. நீ வரேன்னு தெரிஞ்சதும் கொழுந்தன் கட்டிலக் கொண்டாந்து சுவரோட ஒட்டிப் போட்டுட்டாரு. அப்பா படுத்திருக்கறப்ப எவன் சுத்தி தூக்கறான்னு பாக்கறேன்னு ஒரே சவடால்."

இடிப்புக்காரிக்கு ஆண்களின் சவடால் புதிதில்லை. பதினேழு வயதில் சித்தாளாகக் கலவை சுமக்கப் போனவள் அவள். கட்டியவன் கொத்தனார். கோபம் வந்தால் கையில் இருப்பது எதுவோ அதால் அடிப்பான், கொத்தனார் கையில் என்ன இருக்கும். ஒருநாள் சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையால் அவள் தலையில் போட்டான். அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்து, அவன் காலையிலிருந்து எழுப்பிய சுவரை அடியோடு சாய்த்துவிட்டு, "அடுத்து எத இடிக்கணும்?" என்று கேட்டாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் போனவன்தான். வேடிக்கை பார்த்த மேஸ்திரி மறுநாளே அவளை இடிப்பு வேலைக்குப் போட்டார். பத்து வருஷம் இடித்ததில், சுவர் எதனால் சாகும் என்று அவளுக்குப் பாடமாகிவிட்டது. பாதி தண்ணீரால், மீதி அவசரப் பூச்சால். தண்ணீர் வரும் வழியை முதலில் நிறுத்து. பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டு. உப்பை உலர்ந்த பிரஷால் தட்டு, கழுவினால் உள்ளே திரும்பிப் போய்விடும். காற்றில் காயவிடு. அப்புறம் சுண்ணாம்புக் கலவை பூசு, அது மூச்சு விடும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வாள். முதல் வரியிலேயே பாதிப்பேருக்குப் பொறுமை போய்விடும்.

எந்தத் தண்ணீர் என்று தெரிய, முழங்கால் உயரத்தில் உளியை வைத்து ஒரே அடி. உளியை உருவியதும் குத்திய நரம்பு போலச் சுவர் பீச்சியது. உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தாள். சாக்கடை நாற்றம் இல்லை, மழைநீரின் மண் வாசமும் இல்லை. குழாய்த் தண்ணீர். அண்ணன் வீட்டுக் குழாயை அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. அடைத்த வாசற்படியில் காதை வைத்துக் கேட்டாள். அதற்கு அடியில், ஒரே வீடாக இருந்த காலத்துப் பழைய இரும்புக் குழாய் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. பாகம் பிரித்தவர்கள் அண்டா குண்டான் வரை பிரித்தார்கள், அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குள் மணல் இறங்கும் சரசரப்பு. தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் அவள் போட்ட துளை வழியே வெளியேற, ஊறிய செங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார ஆரம்பித்தன. முதலில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அவள் சம்மட்டியோடு தெருவுக்கு ஓடினாள்.

தம்பிக்காரன் வாசலில் கடப்பாரையோடு நின்றான்.

"உங்கப்பாவ வெளிய இழு தம்பி. சுவரு வருது."

"வரும் வரும். இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினானா அவன்?"

"உங்க சண்டை எனக்கு வேணாம். வழி விடு."

"உள்ள கால வெச்சே, முட்டிய எடுத்துடுவேன்."

வைத்தாள். கடப்பாரை முட்டிக்குக் குறிபார்த்துத் தோளில் விழுந்தது. அவள் நிலைப்படியில் மோதிச் சரிந்தாள். பின்னாலேயே ஓடிவந்த அண்ணன்காரர், உள்ளே போய் அப்பாவைத் தூக்குவதற்குப் பதில் தம்பியின் தலைமயிரைப் பிடித்தார். இருவரும் உருண்டார்கள். ஒருவர் கன்னத்தில் ஒருவர் பல். அவர்களைத் தாண்டித்தான் அவள் உள்ளே போனாள்.

கட்டிலில் பெரியவர் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போர்வையில் மணல் கொட்டிக் கிடந்தது. தம்பியின் மனைவி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள், இடிப்புக்காரி மறுமுனையை. இழுக்கும்போது தம்பிக்காரன் அண்ணனை உதறிவிட்டுப் பாய்ந்து வந்து கட்டில் சட்டத்தை இரு கையாலும் பற்றிக் காலை ஊன்றிக்கொண்டான்.

"கட்டில் நகராது."

"விடு."

"அப்பா இங்கதான் இருப்பாரு."

"கையை எடுடா."

அவன் எடுக்கவில்லை. சுவரின் நடுவில் பெயின்ட் பிளந்தது. அவள் சம்மட்டியை ஓங்கி அவன் முன்னங்கையில் இறக்கினாள். காய்ந்த ரீப்பர் கட்டை முறிவது போன்ற சத்தம். பிடி விட்டது. இரண்டு பெண்களும் இழுத்த இழுப்பில் கட்டில் வாசல்வரை வந்து நிலையில் முட்டிக்கொண்டது. அதற்குள் சுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவதுபோல் குனிந்து, மொத்தமாக விழுந்தது.

புழுதி அடங்கியபோது, கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பளவு செங்கல். அதற்கு அப்பால், ஓட்டை வழியே, அண்ணன் வீட்டு அடுப்பும் அதன் பக்கத்தில் கரண்டியோடு உறைந்து நின்ற அண்ணியும் தெரிந்தார்கள். தரையில் துருப்பிடித்த குழாய் எல்லார் மேலும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. இடிப்புக்காரி குனிந்து பெரியவரின் வாயிலிருந்து மண்ணைத் துடைத்தாள். அவர் தனக்கு வேலை செய்யும் ஒரே கையைத் தூக்கி, அவள் கன்னத்தில் பளீரென்று அறைந்தார். மகன் கை முறிந்ததைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

ஸ்டேஷனில் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கட்டுப்போட்ட கையை அண்ணன் தன் மடியில் தாங்கியிருந்தார்.

"கூப்பிட்டது நீங்கதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுவரப் பாக்கத்தான் கூப்பிட்டேன் சார். என் தம்பி கைய இடிக்கவா சொன்னேன்?"

"என்னம்மா சொல்றே?"

"அடிச்சது நான்தான் சார். இழுக்க விட்டிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்."

"சமாதானமா போயிடுங்க. இந்த வாரத்துக்குள்ள சுவரக் கட்டிக் குடு, அவங்க புகாரத் திருப்பி வாங்கிக்குவாங்க."

சகோதரர்கள் சேர்ந்தாற்போல் தலையாட்டினார்கள். ஜெயில் என்றால் அவளுக்கும் பயம்தான். வீட்டு வாடகை, கையிலிருக்கும் வேலைகள் எல்லாம் கண்முன் வந்துபோயின.

"முடியாது சார். குழாய அடைச்சாலும் கீழ தரை சேறா கிடக்கு. ஒரு கோடையாவது காயணும். இப்பக் கட்டினா மறுபடி விழும். அந்தப் பெரியவரும் அங்கதான் படுத்திருப்பாரு, கட்டில இழுக்க நான் இருக்க மாட்டேன். நீங்க கேஸ எழுதுங்க."

எழுதினார்கள். ஜாமீனில் வெளியே வந்தபோது தோள் வீங்கி, பையை இடது கையில்தான் தூக்க முடிந்தது. கேட்டுக்கு வெளியே தம்பியின் மனைவி காத்திருந்தாள். ஒரு கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"ஓட்டை வழியாவே மாமனார அக்கா வீட்டுக் கூடத்துக்குத் தூக்கிட்டோம். வெளிச்சம் வருது, அவருக்கும் பிடிச்சிருக்கு."

"கன்னத்துல என்ன?"

"இவரும் இவரோட அண்ணனும் சேந்து வேற கொத்தனார ஏற்பாடு பண்ணினாங்க. இப்பச் சுவர் வேணாம், காயட்டும்னு நான் சொன்னேன். இவரு நல்ல கையால ஒண்ணு விட்டாரு."

"அப்புறம்?"

"அக்கா முக்காலிய எடுத்தாங்க." அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "செங்கல் வண்டி வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னோம். டிரைவர் இறங்கக்கூட இல்ல, அப்படியே ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிட்டாரு."