ரீவி அலுமாரியின் கீழ் லாச்சி

அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளை ரீவிக்குப் பின்பக்கம் பெரிது. இப்போது விற்கிற அலுமாரி எதற்குள்ளும் அது போகாது.

இன்று புங்குடுதீவில், ஆளில்லாத ஒரு வீட்டில், அளந்து செய்ததுபோல் ஒன்று கிடைத்தது. கீழ் லாச்சி, அந்த இழுப்பறை மட்டும், இழுக்க வராமல் இறுகிக் கிடந்தது.

"வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறவுங்கோ," என்றார் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

குறிகட்டுவான் துறையில் படகில் ஏற்றி, எங்கள் நயினாதீவுக்குப் பாதி வழி வந்திருப்போம். படகு ஆடிய ஆட்டத்தில் லாச்சி விரலளவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பாம்புச் சட்டை தொங்கியது. ஈரம்கூடக் காயவில்லை.

"அண்ணை, பாம்பு! அலுமாரியைக் கடலுக்குள்ள தள்ளுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

படகோட்டி அண்ணை என்னைத்தான் முறைத்தார்.

"விசரே உமக்கு? நாகம் அம்மாளாச்சியின்ர பிள்ளை. கோயிலுக்குத்தான் போகுது. பேசாம இரும்."

நயினாதீவு அம்மன் கோயிலுக்கென்று படகில் வந்த சனம் முழுக்க அலுமாரியைக் கும்பிட்டது. நான் மட்டும் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு கரை சேர்ந்தேன்.

இப்போது அலுமாரி முற்றத்தில் நிற்கிறது. அம்மா அதற்கு முன்னால் பால் வைத்திருக்கிறார். ரீவி கதிரையில் இருக்கிறது. லாச்சி, படகில் பார்த்ததைவிட இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

பயமில்லாத ஆட்கள் யாராவது வந்து அதை இழுத்துப் பார்ப்பீர்களா? தேத்தண்ணி தருவேன், யன்னலுக்குள்ளால்.