மேடையிலிருந்து இறங்கினேன்

சுனாமிக்குப் பிறகு வந்த தேர்தலில், காரைக்கால் பக்கத்து எங்கள் மீனவ ஊருக்கு நான் பஞ்சாயத்து உறுப்பினரானேன். எங்களைப் போன்ற பெண் உறுப்பினர்களைச் சந்திக்க, வெளிநாட்டுப் பெண் எம்.பி. ஒருவர் வந்தார். பெண்கள் படிக்கக் கூடாது என்ற மதவெறியர்களை எதிர்த்ததால் கொலை மிரட்டலுக்கு ஆளானவர்.

மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ஆண்கள் சிலர் கூட்டத்துக்குள் புகுந்து என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

"வேத்து மதத்துக்காரிகூட உனக்கென்னடி மேடை? இறங்கு! இல்லன்னா குடும்பத்தையே ஊரைவிட்டுத் தள்ளி வச்சிடுவோம்!"

இறங்கிவிட்டேன். மற்ற பெண் உறுப்பினர்கள் என்னைக் கோழை என்று ஏசினார்கள்.

அந்த எம்.பி. அம்மா கீழே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பெண், "திட்டாதீங்கங்கிறாங்க. மொத தடவை மிரட்டினப்ப இவங்களும் சபையிலேருந்து ஓடிட்டாங்களாம்க்கா. மறுநாள்தான் திரும்பிப் போனாங்களாம்" என்றாள்.

மறுபடி மேடையேறினேன். சொன்னபடியே தள்ளி வைத்தார்கள். ஒரு வருஷம் ஊரில் யாரும் எங்களோடு பேசவில்லை.

பயம் இன்னும் போகவில்லை. பயந்தோமே என்ற வெட்கம் மட்டும் போய்விட்டது.