தங்கை பேசி வைத்த கதைகள்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறுப்புத்திரை என்றால்தான் தெரியும். வரிசையாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் இருக்கிற தெரு அது. மற்றவர்கள் மவுஸைப் பிடித்துப் படம் படமாகத் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை அடித்துக்கொண்டிருப்பார். எந்த மெஷின் வந்தாலும் தன் பென்டிரைவைச் செருகித்தான் கிளப்புவார். அதிலிருக்கும் குட்டி சிஸ்டம் டிஸ்கைத் தொடாமல் முழுக்க மெமரியிலேயே ஓடும். கரண்டை நிறுத்தினால் சுவடில்லாமல் போய்விடும். கடையின் சொந்த மெஷினைக்கூட அப்படித்தான் ஓட்டினார். அதில் மனுஷனுக்கு ஏகப்பட்ட ஜம்பம்.

அவருக்கு ஒரே தங்கை. வாய் ஓயாதவள். அண்ணனைத் திட்டுவதற்கென்றே பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது, அழுது தீர்த்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி மகளுக்காகக் கதை கதையாகப் பேசி வைத்தாள். ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போனது. இப்போது கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. வாய் அசையும், சத்தம் வராது. அந்த அசைவைப் பார்த்து அம்மா சொல்வதைச் சொல்ல மகள்தான் முதலில் பழகினாள். பதிவுகளைத் திறந்து கேட்க மட்டும் வீட்டில் யாருக்கும் மனது வரவில்லை. நகல் எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. ஃபோன் தண்ணீரில் விழுந்து பழைய வீடியோக்கள் போன பிறகு, அவள் குரல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மச்சான், பாப்பா கதை கேக்கணும்னு அடம் புடிக்கிறா. ஆன் பண்ணா உள்ள டக்டக்குனு சத்தம் வருது. எதுவும் தெறக்க மாட்டேங்குது."

"அதுக்கு மேல எதையும் தட்டலையே?"

"இல்ல, அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. அண்ணன் பாத்துக்குவான்னு அவகிட்ட சொல்லுங்க."

சாகக் கிடக்கிற டிஸ்க் ஒருமுறை படிக்கவிட்டாலே பெரிய விஷயம். அதில் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. அவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பென்டிரைவில் தங்கையின் மெஷினைக் கிளப்பினார். கடை மெஷினில் ஒரு புது டிஸ்கை மாட்டினார். இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள். கடை மெஷின் முதலில் காத்திருக்க வேண்டும், பிறகு தங்கையின் மெஷின் அனுப்ப வேண்டும். கேபிள் முனை லூஸாக இருந்ததில் கடை மெஷின் முதல் தடவை மக்கர் பண்ணியது. அதை அணைத்துக் கிளப்பினார். கிளப்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்: ஃபோல்டர் போட வேண்டும், அந்த ஃபோல்டரோடு புது டிஸ்கை இணைக்க வேண்டும், அப்போதுதான் அதில் போடுவது டிஸ்கில் போய்ச் சேரும். ஃபோல்டரைப் போட்டார். அந்த நேரம் பார்த்து ஒருவர் பிரிண்டர் மை வாங்க வந்தார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஃபோல்டர் அங்கே இருக்கிறது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று இந்தக் குட்டி சிஸ்டம் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.

கதைகள் வந்து சேர்ந்தன. பழைய டிஸ்க் முக்கி முனகி, கடைசிக் கோப்பையும் கொடுத்துவிட்டு, கிறீச்சென்று நின்றது. அனுப்பிய கோப்புகளின் கணக்கையும் வந்த கணக்கையும் ஒத்துப் பார்த்தார், துளி பிசகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு இரண்டு மெஷின்களையும் அணைத்தார்.

தங்கை வீட்டில் அவர் புது டிஸ்கை மாப்பிள்ளையின் லேப்டாப்பில் செருகும்போது குழந்தை அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கை எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். டிஸ்கில் ஒன்றுமே இல்லை. மறுபடி செருகினார். இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டிஸ்கை இணைக்கவே இல்லை. கதைகள் எல்லாம் வெறும் ஃபோல்டரில், மெமரியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. அணைத்தது அவர் கைதான்.

கடைக்கு ஓடிப் பழைய டிஸ்குக்குக் கரண்ட் கொடுத்தார். அது சுற்றக்கூட இல்லை. டிஸ்கைப் பிரித்து டேட்டா எடுக்கிற பெரிய கடைக்கு அனுப்பிப் பார்த்தார். உள்ளே பதிவு இருக்கிற தட்டெல்லாம் சுரண்டிப்போயிருக்கிறது என்று அவர்களும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். டிஸ்க் செத்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் சொல்லவில்லை. தங்கை முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையதுதான் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கழுத்துத் துளையில் காற்று இரைந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. பிறகு நிமிர்ந்து வாயை அசைத்தாள். அவருக்குப் புரியவில்லை. குழந்தை அம்மா உதட்டையே பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பியது.

"மாமா, அம்மா கேக்குறாங்க. என் குரல் எப்படி இருந்துச்சுன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா அண்ணான்னு."

"இருக்கும்மா," என்றார்.

அவள் திட்டிய திட்டெல்லாம் வார்த்தை பிசகாமல் நினைவில் இருந்தது. குரலை எவ்வளவோ தேடிப் பார்த்தார். வரவில்லை.