ஜன்னலுக்கு வெட்டிய சேலை

கல்யாணமான மறு வருஷம் பாலக்கோட்டுக்குக் குடிவந்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் கணவர் சர்க்கார் குமாஸ்தா. எனக்குப் பத்தொன்பது வயது.

என் பிறந்த ஊரான சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஜன்னல்களில் திரை தொங்கும். வாசலில் பூந்தொட்டிகள் இருக்கும். வாடகை வீடானாலும் என் வீடும் அப்படி ஆகவேண்டும் என்று எனக்கு ஆசை. முதலில் சுண்ணாம்பில் நீலம் கலந்து முன்னறைக்கு நானே அடித்தேன். நீலம் கூடிப்போய்ச் சுவரெல்லாம் திட்டுத்திட்டாக ஆயிற்று. அடுத்து, விரிசல் விட்ட பானைகளில் மண் நிரப்பிச் செவ்வந்தி நட்டேன். காலையும் மாலையும் குடத்தோடு சாய்த்து ஊற்றினேன். பத்தே நாளில் எல்லாம் அழுகிப்போயின.

தினம் தயிர் கொண்டுவருகிறவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரைப் பக்கம் வீடு.

“தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்களேம்மா. மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.”

மறுநாள் ஆட்டுப்புழுக்கையும் நாலு கனகாம்பரக் கன்றுகளும் கொண்டுவந்தாள். பானைகளின் அடியில் அவளே ஓட்டை போட்டு நட்டுக் கொடுத்தாள். நாலும் பிழைத்தன. அதன்பிறகு தயிரை ஊற்றிவிட்டு, என்னோடு உட்கார்ந்து செடிகளைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அப்போது துணிக்குப் பஞ்சம். சர்க்கார் விலைக்கு அளவாகத் துணி விற்கும் கண்ட்ரோல் கடையில் வெயிலில் வரிசையாக நின்றவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். கடைக்காரர் என் கணவருக்குப் பழக்கம். எங்களுக்குப் பின்வாசல் வழியாக இரண்டு சேலைகள் வந்தன. ஒன்றை நான் கட்டிக்கொண்டேன். பச்சைக் கட்டம் போட்ட மற்றது முரட்டு நூலாக இருந்தது. அதை இரண்டாக வெட்டி, ஓரம் தைத்து, முன்னறை ஜன்னல்களில் தொங்கவிட்டேன்.

தயிர்க்காரி அதை விரலால் தடவிப் பார்த்தாள். “சேலையாட்டம் இருக்குது. எங்க கெடைச்சுதுங்கம்மா?”

யாரிடமும் சொல்லாதே என்று கணவர் சொல்லியிருந்தார். “சேலத்துலருந்து எங்கம்மா குடுத்தனுப்பினாங்க” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த மாதக் கடைசியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தாள். கேட்டால் எருமை மேல் பழி போட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்படி இஷ்டத்துக்கு வர்றதா இருந்தா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நானே ஏரிக்கரைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளப் போனேன்.

“பேடா, பேடா!” என்று உள்ளேயிருந்து அலறினாள். வீட்டில் அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள். பதற்றத்தில் ‘வேண்டாம்’ என்பது அப்படித்தான் வாயில் வந்தது. “உள்ள வராதீங்கம்மா. நாத்தனா களையெடுக்கப் போயிருக்கா. சேலைய அவ கட்டிக்கிட்டுப் போயிருக்கா.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவை விட்டு விலகி நின்றேன்.

“இருந்தது ரெண்டு. ஒண்ணு கிழிஞ்சே போச்சுங்க. மூணு தடவ கண்ட்ரோல் கடையில நின்னேன், தீந்துபோச்சுன்னுட்டாங்க. நாளைக்கு என் மொறை. தயிர் கொண்டாந்துடறேன்.”

வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் திரைகளைக் கழற்றி, தையலைப் பிரித்து, இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தேன். ஆனால் அதைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கொடுத்தால் என் பொய்யும் கூடவே போகும். மறுநாள் காலையில் என் பழைய சேலை ஒன்றை, அதுவும் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டதை, கன்றுகளுக்குப் பதிலாக என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, “திரை எங்கம்மா?” என்றாள்.

“தொவைக்கப் போட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு தினமும் வந்தாள், அந்த ஒட்டுப் போட்ட சேலையில். பச்சைக் கட்டச் சேலை ஏழெட்டு மாதம் என் பெட்டியில் கிடந்தது.

அரூருக்கு மாற்றலாயிற்று. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வழியனுப்ப வந்தாள். அன்றைக்குத்தான் அதை எடுத்து நீட்டினேன். “இது சேலத்துலருந்து வந்தது இல்ல” என்றேன்.

“தெரியுங்கம்மா. எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் கண்ட்ரோல் கடையில அதே கட்டத்துல கெடைச்சுது. தொட்டப்பவே தெரிஞ்சுது” என்றாள். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. நடுவில் ஓடிய தையலைத் தடவிப் பார்த்தாள். “கொசுவத்துல மறைஞ்சுடும். நாத்தனாவுக்கு ஆச்சு.”

சேலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாத்திர மூட்டையின் மறுபக்கத்தை அவளே பிடித்து வண்டியில் ஏற்றினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.