நிழலைச் சுற்றிக் கோலம்

பட்டுச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் ஆரணியில் எனக்குப் பிழைப்பு. கொடி, பூ, இலை எல்லாம் அத்துப்படி. ஆனால் என் வீட்டை ஒட்டி நின்ற மரம் என்ன மரம் என்று ஒரு வியாபாரி கேட்டபோது, "பெரிய மரங்க" என்றேன். எதிர்வீட்டு அக்காதான் புங்கன் என்று சொன்னார். அவருக்கும் அதன்மேல் பாசம் கிடையாது. தினமும் சருகைப் பெருக்கிக்கொண்டே மரத்தைத் திட்டுவார்.

தெருவோரம் மழைநீர்க் கால்வாய் கட்ட நகராட்சி அதை வெட்டப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். துடைப்பத்தை வீசி எறிந்தார்.

"இத்தினி வருசமா நான் பெருக்கிகினு இருக்கேன். என்னக் கேக்காம எவன் வெட்டுவான்? தம்பி, நீ படம் போடற ஆளுதானே, எதுனா பண்ணு."

மரம் கண்ணீர் விடுவதுபோல ஒரு போஸ்டர் வரைந்து காட்டினேன்.

"இன்னா, மரத்துக்குப் பல்லு வலியா?"

போஸ்டரைச் சுருட்டிப் பரணில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் விழுந்த மரநிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடிழுத்தேன். அக்காவும் தெருப் பெண்களும் உள்ளே கோலமாவு நிரப்பினார்கள். முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. திரும்பவும் வரைந்தோம். திரும்பவும் நகர்ந்தது. பொழுது சாயும்போது தெரு முழுக்க மரங்கள். எல்லோருக்கும் இடுப்பு போய்விட்டது. எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

மறுநாள் ஜேசிபி வந்தது. கோலத்தின்மேல் ஏற்ற டிரைவருக்கு மனசு வரவில்லை. "டயர எங்க வெக்கறது?" என்று முனகி, வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். அவரை எழுப்ப வந்த நகராட்சி அதிகாரியும் வெயில் தாங்காமல் நிழலுக்குள் ஒதுங்கினார். மரத்தை ஏன் வெட்டியே ஆகவேண்டும் என்று அங்கே நின்றுதான் எங்களுக்கு விளக்கினார். அக்கா மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சார், அப்பிடி வெயில்ல போய் நின்னு சொல்லுங்க. இங்க சரியா காதுல விழல."

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபின் வெட்டச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மரம் பிழைத்தது. கால்வாயை வளைத்துக் கட்டினார்கள். வளைவுக்கு இடம் வேண்டுமென்று என் வீட்டு வாசற்படியை இடித்தார்கள். ஊரைக் கூட்டியவன் நான். வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது ஒரு பலகைமேல் நடந்துதான் வீட்டுக்குள் போகிறேன். ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆத்திரம் வரும்போதெல்லாம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மத்தியானத்தில் அங்கே நல்ல காற்று.