கத்தரி வரிசைக்குள் வந்த உண்ணி

கண்ணாடி வீட்டில் கத்தரி வளர்க்கிறவனுக்கு ஆடு மாடு பற்றிய பயம் இல்லை. இலையின் சாற்றைக் குடிக்கும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குத்தான் பயம். ஆனால் என்னைக் கெடுத்தவன் கண்ணுக்கு நன்றாகவே தெரிவான். அவன் பெயர் குணசிங்கம். வெளிநாட்டுக்கு வந்து நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் எனக்கு அடுத்த கட்டிடம். விடிய எங்களை விட்பி ஊருக்கு அப்பால் வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வண்டியில் எனக்குப் பக்கத்து இருக்கை. எனக்கு ஆங்கிலம் வராது, அவனுக்கு வரும். என்னுடைய சனியன் அங்கேதான் தொடங்கியது. யன்னலோரம் சாடியில் மிளகாய் வைத்து, அது வெளிறிக் கொட்டுண்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும்.

குளிருக்கு ஒதுங்கிய கறிவேப்பிலை

எங்கள் சனம் குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வீட்டுக்குள் வைக்கும். அதுவும் வெக்கைக் காற்று வருகிற இடத்தில் வைக்கும். அந்தக் காய்ந்த காற்று மரத்துக்கு ஆகாது, உண்ணிக்குக் கொண்டாட்டம். குணசிங்கத்தின் மனைவி வளர்த்த மரமும் அப்படித்தான் மொட்டையாகிக்கொண்டு வந்தது. வெளிச் செடி எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாதென்று கண்ணாடி வீட்டுக் கதவிலேயே படம் போட்டிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் படம். அவன் மரத்தைக் குப்பைப் பையால் மூடி வானில் ஏற்றி வந்து, என் வரிசை தொடங்குகிற தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அந்த மூலை நல்ல இளஞ்சூடு.

நான் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மா தூவினது போல் இருந்தது, காம்போரம் மெல்லிய நூல். எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "உது கறிவேப்பிலை அண்ணை. கடிக்காது."

மொழிபெயர்ப்பு

கொஞ்ச நாளில் தூணடிக் கத்தரியின் இலைகளில் ஊசியால் குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்து இலையைத் தட்டினேன். விழுந்த தூசி நடக்கத் தொடங்கியது. இலையும் இலையும் முட்டுகிற இடமெல்லாம் அதற்குப் பாலம். ஒரு செடி வெளிற, அடுத்த செடி தொடங்கும்.

மேலாளர் நல்ல மனுசன், வெள்ளைக்காரர். காகிதத்தை அவரிடம் கொண்டுபோனேன். எனக்காகக் கதைக்கக் குணசிங்கம்தான் வந்தான். தூணுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் இருந்து வந்தது என்று சொல்லடா என்றேன். நான் சொன்னது ஒரு வரி. அவன் கன நேரம் கதைத்தான். மேலாளர் என்னைக் கவலையாகப் பார்த்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் அவருக்குக் கைகூப்பினேன்.

பொதி கட்டுகிற பகுதியில் வேலை செய்யும் சுகந்தி பக்கத்தில் நின்றவள். மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் வாயைத் திறந்தாள். மரத்தைக் கொண்டுவந்தது நான் என்றும், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் அவன் சொல்லியிருக்கிறான். நான் கைகூப்பியது அதற்குப் பொருத்தமாகப் போய்விட்டது. நீ வந்து உண்மையைச் சொல்லு பிள்ளை என்று கேட்டேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "அவர்தான் எனக்கு இந்த வேலை எடுத்துத் தந்தவர், அண்ணை. என்னை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ."

காற்றில் போனவை

மரம் அன்றே வெளியே போனது. உண்ணி போகவில்லை. ஒரு செடியில் சாறு முடிந்து நெருக்கம் கூடினால் அவை கொழுந்தின் நுனிக்கு ஏறிவிடும். அங்கே நூல் விட்டுத் தொங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும். எங்கள் கண்ணாடி வீட்டில் காற்றாடிக்குக் குறைவில்லை. நிற்பாட்டச் சொல்லி மேலாளருக்குக் கையால் காட்டினேன். எனக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து ஒரு ஜாக்கெட் கொண்டுவந்து தந்தார்.

காற்று செய்யாததைக் குணசிங்கம் செய்தான். தேத்தண்ணி நேரம் வரிசை வரிசையாகப் போய் ஊர்க்கதை கதைக்காவிட்டால் அவனுக்குப் பத்தியப்படாது. என் வரிசையில் உரசின அதே கம்பளிச் சட்டைக் கையோடு அடுத்த வரிசைக்குப் போவான். நோய் வந்த வரிசைக்குக் கடைசியாகத்தான் போகவேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் படிக்கிற அரிவரி. அவன் என்னிடம் தொடங்கித்தான் மற்ற இடமெல்லாம் போவான்.

பக்கத்து வரிசை அந்தோனி மன்னார் ஆள், அதிகம் பேசமாட்டான். ஒருநாள் வெளிறின இலை ஒன்றை என் முன்னால் நீட்டினான். "உங்கடை சாமானிலை எனக்கும் பங்கு வந்திட்டுது அண்ணை. நான் கேக்கேல்லையே."

நல்ல உண்ணி

உண்ணியைத் தின்கிற உண்ணியும் உண்டு. மேலாளர் அதைச் சின்னச் சின்னக் கடதாசிப் பைகளில் வாங்கிச் செடிக்குச் செடி தொங்கவிட்டார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த நாள் நான் போகுமுன் குணசிங்கம் என் வரிசை முழுக்கச் சவர்க்காரத் தண்ணீர் அடித்து வைத்திருந்தான். வந்த விருந்தாளிகள் எல்லாம் முடிந்தன. நல்லதையும் கொன்றுபோட்டியேடா என்று கத்தினேன். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு சொன்னது: "எது நல்லது, எது கெட்டது எண்டு அதின்ரை நெத்தியிலை எழுதியே கிடக்கு?"

வேரோடு

கடைசியில் என் வரிசையையும் அந்தோனியின் வரிசையையும் பிடுங்கச் சொன்னார்கள். என் வரிசையை நானே பிடுங்கினேன். வேறு கை அதைத் தொட நான் விடவில்லை. காயோடு நின்ற செடிகள். ஒவ்வொன்றையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும், இலை ஒன்றும் சிந்தக் கூடாது. சொந்தப் பிரேதத்தை நானே கட்டுகிற மாதிரி இருந்தது. அடுத்த கிழமை என்னைக் கன்றுத் தட்டுக் கழுவுகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே சூடும் இல்லை, செடியும் இல்லை. என் வரிசையில் புதுக் கன்று வைத்தபோது அது குணசிங்கத்தின் கைக்குப் போனது.

செடி பிடுங்கின அன்று வீட்டு வாசலில் மனைவி என்னை மறித்தாள். சட்டையைக் கழற்றிப் பையில் போடச் சொன்னாள். வரிசை போன கதையை அவளிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்வை யன்னலோரச் சாடியில் இருந்தது. "உடுப்போடை உள்ளுக்கை வராதேங்கோ. என்ரை மிளகாய்க்கும் ஏறப்போகுது."

வீடு குடிபுகுதல்

போன கோடையில் குணசிங்கம் விட்பியில் புது வீடு வாங்கினான். வீடு குடிபுகுதலுக்கு எனக்கும் சொன்னான். போகக் கூடாதென்று இருந்தேன். மேலாளரும் வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மண்டபம் போல் பெரிய வரவேற்பறை. மேலாளர் கையில் வடையோடு சுவரோரம் நின்றார். குணசிங்கத்தின் கையைப் பிடித்து அவர் முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் காசு வேண்டாம், வரிசை கூட வேண்டாம், மரத்தைக் கொண்டுவந்தது ஆர் என்று மட்டும் இப்ப சொல்லு என்றேன்.

அவன் என் தோளில் கையைப் போட்டு, மேலாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவர் சிரித்து என் கையைக் குலுக்கினார். என்னடா சொன்னாய் என்று கேட்டேன். "வீடு நல்ல வடிவெண்டு அண்ணை சொல்லுறார் எண்டன். நீங்கள் சாப்பிட்டியளோ?"

ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்குப் போக உண்ணிக்கு இலை, நூல், காற்று, சட்டைக் கை என்று எத்தனையோ வழி இருக்கிறது. குணசிங்கம் எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் வாயிலிருந்து மேலாளரின் காதுவரை போக இன்னும் வழி கிடைக்கவில்லை.